லெண்ட்னர் மடித்த கோட்டு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
18 நவம்பர் 2001

றொசானாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் "ஏதோ இருக்கிறன்" என்று ஒரு பதில் வரும், அதிலிருந்து சண்டை தொடங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் நடந்த கூத்தே போதும். மகளுக்கு ஆயர் உறுதிப்பூசுதல் கொடுக்கிற அன்றைக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள். அவள் வெள்ளை உடுப்போடு கோயில் வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "லீவு கிடைக்கேல்லை" என்றீர்கள். நான் கத்தினேன், நீங்களும் கத்தினீர்கள். என்னைக் கேளாமல் பிள்ளையைக் கொண்டு ஏன் கனடாவுக்குப் போனாய் என்று நீங்கள். ஜேர்மனியில் அகதி விடுதிகளுக்கு நெருப்பு வைத்த காலத்தில் ஏழு வயதுப் பிள்ளையோடு அங்கே எப்படிப் படுத்து எழும்புவது என்று நான். எட்டு வருசமாக இதே வசனம்தான். நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு பிரெஞ்சுக்காரி கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே ஒரு ஒழுங்குக்கு வருவோம். இனி ரெலிபோன் வேண்டாம், கடிதம் எழுதுவோம். கடிதத்திலும் எங்களைப் பற்றி வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் சண்டை பிடிக்காத விசயம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நடிகர் ஆன்ஸ்கார் லெண்ட்னர். அவரைப் பற்றி எழுதுங்கோ.

நினைவிருக்கிறதா? வுப்பெற்றால் விடுதியின் அந்தப் பழைய ரீவியில் வெள்ளிக்கிழமை தோறும் பொலிஸ் கொமிசார் வோல்க் ஆக வருவாரே. ஜேர்மன் மொழி வகுப்புக்குப் போக அனுமதி இல்லாத எங்களுக்கு டொச் படிப்பித்த வாத்தியார் அவர்தானே. குற்றவாளிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, குரலை உயர்த்தாமல், "உண்மையைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் நேரம் மிச்சம்" என்பார். அதை நீங்கள் பாடமாக்கி, விசா முத்திரை குத்துகிற அம்மாவிடம் அதே குரலில் சொல்ல, அவ பயந்துபோய் மேலதிகாரியைக் கூப்பிட்டா! என்னுடைய டொச் முழுக்கப் பொலிஸ் டொச்தான். பாண் கடையில் பாண் கேட்டாலே கடைக்காரன் கையைத் தூக்கிவிடுவான் போல நிற்பான்.

இங்கத்தைய ரீவியில் அவர் வருவதில்லை. அவரை இங்கே ஒருவருக்கும் தெரியாது. இப்போது என்ன நடிக்கிறார்? எழுதுங்கோ.

ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் நான் ஒரேயொரு கேள்வி கேட்பேன். பதில் எழுதாவிட்டால் கோபிக்கமாட்டேன். சரி, கோபிப்பேன், ஆனால் கத்தமாட்டேன். இஞ்சை வந்து எங்களோடை இருப்பீங்களோ, மாட்டீங்களோ?

மாக்கிரட்


வுப்பெற்றால்
6 சனவரி 2002

அன்பின் மாக்கிரட்,

உம்முடைய கடிதம் நத்தாருக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. இந்த வருசம் எனக்குக் கிடைத்த நத்தார்ப் பரிசு அதுதான். உம்முடைய ஒழுங்குக்குச் சம்மதம்.

லெண்ட்னர் கொமிசார் வேசத்தை விட்டுவிட்டார். நாடே கெஞ்சியது. "வீட்டில் தேத்தண்ணி போடப் போனாலும் எனக்குக் கொமிசாரின் நடைதான் வருகிறது, அதனால் நிறுத்துகிறேன்" என்று பத்திரிகையில் சொல்லியிருந்தார். எங்கள் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற மெசின் ஒருநாள் முழுக்க ஓடவில்லை என்று நினையும். எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள்.

அதற்குப் பிறகு மனுசன் செய்ததைக் கேளும். ஒரு ரீவிப் படத்தில் கிராமத்துப் பாதிரியார். செபத்தில் நம்பிக்கை போய்விட்ட பாதிரியார். கொமிசாருக்குக் கை எப்போதும் காற்சட்டைப் பையில் இருக்கும் அல்லவா? இவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. பிரசங்க மேடையில் வைக்கிறார், எடுக்கிறார், அங்கியைப் பிடிக்கிறார். அந்தக் கையைப் பார்த்தே இவருக்கு உள்ளுக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வசனம் பேசமுதலே! பக்கத்து வீட்டு விமலாவின் தகப்பன் படம் முடியும்வரை "இதிலை லெண்ட்னர் எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தானய்யா இவர் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்.

நத்தாருக்குச் சிறுவர் படம் ஒன்றில் இராசா. முடி ஒருபக்கம் சரிய, கோழிக்குப் பின்னால் ஓடுகிற இராசா. பாதிரியாரும் அந்த இராசாவும் ஒரே மனுசன் என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் ஏற்காது.

இரண்டையும் கசெற்றில் பதிந்து இத்துடன் அனுப்புகிறேன். விளம்பரங்களை வெட்டிவிட்டேன்.

உம்முடைய கடைசி வரியை வாசித்தேன்.

அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
10 மார்ச் 2002

றொசானாவின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. கசெற் இரண்டும் உடையாமல் வந்து சேர்ந்தன.

அந்தப் பாதிரியாரின் கையை நீங்கள் எழுதினதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நேற்றுப் பூசையில் எங்கள் பங்குச் சுவாமியாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அவருடைய கை அசையாமல் இருந்தது. இல்லாவிட்டால் நான் அழுதிருப்பேன், சனம் எனக்கு என்னவோ என்று நினைத்திருக்கும்.

கோழிக்குப் பின்னால் ஓடுகிற இராசாவை நான் றொசானாவுக்குச் சொல்லிக் காட்டினேன். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். "அம்மா, அறெற்!" என்று பிரெஞ்சில் நிறுத்தச் சொல்லிச் சிரித்தாள். இவளுக்கு டொச் முழுக்க மறந்துவிட்டது. அங்கே பிறந்த பிள்ளை, எண்ணக்கூடத் தெரியாது.

இங்கே இன்னும் பனி கொட்டுகிறது. ரயில் பிந்தினால் டவுன்டவுன் றெஸ்ரோறன்ரில் என் இடத்தில் வேறொருத்தி நின்று வெங்காயம் வெட்டுவாள், அதுவும் கண்டபடி வெட்டுவாள்.

ஒன்று கேட்கிறேன். கசெற் அனுப்பினால் போதும் என்று நினைக்காதேங்கோ. கடிதம் நீளமாக எழுதுங்கோ. அவர் எப்படி நடந்தார், எப்படி இருந்தார், கண் எங்கே பார்த்தது, எல்லாம் எழுதுங்கோ. நீங்கள் எழுதினால்தான் எனக்கு முழுமையாக இருக்கிறது.

வருவீங்களோ?

மாக்கிரட்


வுப்பெற்றால்
26 ஒக்ரோபர் 2003

அன்பின் மாக்கிரட்,

நடிப்பு என்றால் என்ன என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

இடையில் வந்த பல்வைத்தியர் பகிடிப் படத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேன். ஏணியிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே நோயாளிக்கு வாயைத் திறக்கச் சொல்லுவாரே, அது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் இது வந்திருக்கிறது.

லெண்ட்னர் இதில் ரயில்பாதைத் தொழிலாளி. மனைவி அவரைவிட்டுப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று படம் சொல்வதில்லை. சண்டையும் காட்டுவதில்லை. கோடைகாலத்தில் போனவள், குளிர்காலக் கோட்டைக் கதவுக்குப் பக்கத்துக் கொழுவியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். படம் முழுக்க அந்தக் கோட்டு அங்கே தொங்குகிறது. இவர் அதைப் பார்க்காமல் பார்க்காமல் போய் வருகிறார். முதல் பனி விழுந்த அன்றைக்கு வேலையால் வந்து, அதை எடுத்து மேசையில் விரிக்கிறார். அவளுக்குக் குளிருமே என்று நினைக்கிறார், அனுப்பப் போகிறார். அது வாயால் சொல்லாமலே விளங்குகிறது.

கோட்டின் இடது கையை உள்ளே மடிக்கிறார். பிறகு வலது கை. கொலரைத் தடவும்போது அவளுடைய தலைமயிர் ஒன்று அகப்படுகிறது. எடுத்து, எறிய இடம் பார்த்து, பிறகு திரும்பவும் கோட்டின்மேலேயே வைக்கிறார். அப்போதுதான் அழுகிறார், மாக்கிரட். தோள் குலுங்க, சத்தம் வெளியே வராமல், மூக்கு ஒழுக, துடைக்காமல் அழுகிறார். இப்படி அழுகிற ஒரு ஆம்பிளையை நான் படத்தில் பார்த்ததில்லை.

கொமிசார் வோல்க் ஆக இருந்தவர் இவர்தான் என்று யார் சொல்வார்? இந்த மனுசனுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இவருக்குப் பரிசு கொடுக்காவிட்டால் அந்தப் பரிசுக்குத்தான் மரியாதை இல்லை.

கசெற் அனுப்புகிறேன். அந்த இடம் படத்தின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். தனிய இருந்து பாரும்.

அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
14 டிசம்பர் 2003

றொசானாவின் அப்பாவுக்கு,

அந்தக் கோட்டு மடிக்கிறதை நீங்கள் எழுதின இடத்தில் நானும் அழுதேன். ரயிலில் இருந்துதான் அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒரு ரிஷ்யூப் பேப்பர் நீட்டினார். மெர்சி என்று வாங்கி மூக்கைச் சீறினேன்.

மயிரைத் திரும்ப வைத்தார் என்றீர்களே. அதை யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது? எழுதினவனா, படம் எடுத்தவனா, இல்லை அவரே செய்தாரா? அவராகச் செய்தார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

றொசானா இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கொலிஜுக்குப் போகிறாள். அவளுக்கு உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அது உதவும்.

அல்பேட் அண்ணை போன கிழமை வந்தவர். கோப்பியை வைத்துக்கொண்டு, "தங்கச்சி, பத்து வருசமாச்சு, இனி அவன் வரமாட்டான். கோயில் மூலமா எழுதி இந்தக் கலியாணத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவா" என்றார். "அண்ணை, கோப்பி ஆறுது" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் எனக்கு வீடு தந்தவர், வேலை எடுத்துத் தந்தவர். அவர் மேல் கோபிக்க எனக்கு வழியில்லை.

நானும் ஓகஸ்டில்தான் வெளிக்கிட்டேன். நானும் ஒரு பச்சைக் கோட்டை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்கமாட்டேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

ஆனால் என் கேள்வியைக் கேட்பேன். இந்தமுறை கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறேன். வருவீங்களோ, மாட்டீங்களோ?

மாக்கிரட்


வுப்பெற்றால்
5 ஜூன் 2005

அன்பின் மாக்கிரட்,

லெண்ட்னருக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள். அந்த ரயில்பாதைப் படத்துக்குத்தான். மேடைக்கு வந்து, "வீட்டில் என் கோட்டை மனைவிதான் மடிக்கிறா, எனக்கு மடிக்கவராது, படத்துக்காக ஒரு மாதம் பழகினேன்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். இப்போது சின்னப்பிள்ளைகளின் கார்ட்டூனில் ஒரு வளைக்கரடிக்குக் குரல் கொடுக்கிறார். பரிசு வாங்கின கையோடு வளைக்கரடி! வேறு நடிகராக இருந்தால் மரியாதை பார்ப்பார். கசெற் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீர் ஒவ்வொருமுறையும் கேட்கிறீர். ஒவ்வொருமுறையும் நான் விழுங்குகிறேன். இந்தமுறை ஒழுங்கை நானே மீறுகிறேன்.

மன்னாரில் நான் பேச்சுப்போட்டி என்றால் முதல் ஆள். உமக்குத் தெரியும், அந்த மேடையில்தான் என்னை நீர் முதலில் பார்த்தீர். இங்கே வந்து கடையில் உப்பு கேட்கத் தெரியாமல் நின்றேன். உப்பு என்று சொல்ல வராமல், நாக்கை நீட்டிக் காட்டினேன். வளர்ந்த ஆம்பிளை. இன்றைக்குத் தொழிற்சாலையில் நான் பகிடி சொன்னால் டொச்காரர் சிரிக்கிறார்கள். அந்தப் பகிடியைச் சொல்ல எனக்கு இருபது வருசம் பிடித்தது. அங்கே வந்து திரும்பவும் ஒரு கடையில் நாக்கை நீட்ட என்னால் ஏலாது. றொசானா பிரெஞ்சில் சிரிக்கிறாள் என்று எழுதுகிறீர். என் பிள்ளை எதற்குச் சிரிக்கிறாள் என்று விளங்காமல் நான் பக்கத்தில் இருப்பதா? உறுதிப்பூசுதலுக்கு எனக்கு லீவு கிடைத்தது. நான்தான் வரவில்லை.

எனவே மாட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ளும்.

அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
9 செப்ரெம்பர் 2007

றொசானாவின் அப்பாவுக்கு,

இரண்டு வருசமாக நான் எழுதவில்லை. உங்கள் "மாட்டேன்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது? நீங்கள் அனுப்பின கசெற்றுகளும் கடிதங்களும் வந்தன. எல்லாம் வாசித்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

லெண்ட்னர் மொன்றியலுக்கு வந்தார்! ஆள் வரவில்லை, படம் வந்தது. டவுன்டவுனில் படவிழா. மெற்றோவில் ஒட்டியிருந்த அறிவித்தலில் பெயரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவன் என்மேல் மோதினான். றொசானாவை இழுத்துக்கொண்டு போனேன்.

பெரிய திரை. விளக்கு நூர்ந்தது. முதல் காட்சியில் ஒரு கிழவர் கல்லை உளியால் தட்டிக்கொண்டிருக்கிறார். யாரோ என்று இருந்தேன். அவர் தலையை நிமிர்த்தினார். கடவுளே! லெண்ட்னர்! மனுசன் எப்போது நரைத்தார்? தலை முழுக்கப் பஞ்சு, கன்னம் விழுந்து, கழுத்துத் தோல் தொங்கி! என் கொமிசாருக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்த றொசானாவின் கையைப் பிடித்து நெரித்துவிட்டேன்.

கதையைக் கேளுங்கோ. டொச்காரக் கல்வேலைக்காரர், வயதுபோன காலத்தில் பிரான்சில் ஒரு ஊரில் போய் இருக்கிறார். பிரெஞ்சு வராது. கடைக்காரியிடம் பாண் கேட்கிறார், பெட்டை ஆடு ஒன்று தாங்கோ என்கிற மாதிரி ஏதோ வருகிறது. கடைக்காரி சிரிக்கிறாள். இவரும் சிரிக்கிறார். நாளைக்குத் திரும்பவும் வந்து திரும்பவும் பிழையாகக் கேட்கிறார். வெட்கம் என்பதே இல்லை. அறுபது தாண்டின மனுசன், அத்தனை பெயர் எடுத்த நடிகன், பிழையாகக் கதைக்கிறதையே ஒரு சங்கீதம்போலச் செய்கிறார். முழுத் தியேட்டரும் அவர்மேல் ஆசைப்பட்டுச் சிரித்தது. மொன்றியல் சனம், பிரெஞ்சில் பிழைவிட்டால் முகம் சுளிக்கிற சனம், எழும்பி நின்று கைதட்டியது.

கீழே போன பிரெஞ்சு எழுத்தை றொசானா வாசித்தாள். நான் டொச்சைக் காதால் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோம். வெளியே வந்து அவள், "அப்பாவும் இப்பிடித்தான் கதைப்பாரோ? எனக்கு அப்பிடி ஒரு அப்பா வந்தா நல்ல விருப்பம்" என்றாள்.

உங்களுக்கும் நரைத்திருக்கும், என்ன?

கேள்வி கேட்கப் போவதில்லை. அவரே கேட்டுவிட்டார்.

மாக்கிரட்


வுப்பெற்றால்
7 ஒக்ரோபர் 2007

அன்பின் மாக்கிரட்,

உம்முடைய கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். மகள் சொன்ன இடத்தைப் பிறகு கதைப்போம். முதலில் ஒரு விசாரணை இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறேன்.

லெண்ட்னர் நரைத்துவிட்டார் என்று திடுக்கிட்டீர். மாக்கிரட், நான் முதல் அனுப்பின பாதிரியார் கசெற்றிலேயே அவருக்கு நரை. பல்வைத்தியருக்கும் நரை. ரயில்பாதைக்காரருக்குத் தலை முழுக்க வெள்ளை, அந்தக் கன்னமும் அப்படித்தான் விழுந்திருக்கும். ஆறு வருசமாக நான் அனுப்பினதெல்லாம் நரைத்த லெண்ட்னர்தான். நரையைப் பற்றி நான் எழுதவில்லை, உமக்குத்தான் படத்தில் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் நீர் கசெற்றுகளைப் பார்த்தீரா?

உண்மையைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் நேரம் மிச்சம்.

அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
2 டிசம்பர் 2007

கொமிசார் ஐயாவுக்கு,

அடேயப்பா, ஆறு வருசத்துக்குப் பிறகு கண்டுபிடித்துவிட்டீர்கள்! கொமிசார் வோல்க் ஒரு மணித்தியாலத்தில் முடித்திருப்பார்.

ஓம். ஒன்றும் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பின முதல் கசெற்றை டெக்கில் போட்டேன், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக ஓடியது. கலியாண வீடியோ எடுக்கிற விமலநாதனிடம் கேட்டேன். "அக்கா, ஐரோப்பாக் கசெற் இஞ்சத்தை டெக்கிலை ஓடாது. அது வேறை முறை, இது வேறை முறை. ஆக்களுக்கு அங்கையிருந்து வாற கலியாணக் கசெற்றை நான்தான் மாத்திக் குடுக்கிறனான்" என்றார். மாற்றியிருக்கலாம். ஆனால் புருசன் கசெற் அனுப்புகிறான், ஆள் வரவில்லை என்று மொன்றியல் தமிழ்ச்சனம் முழுவதும் அறிந்திருக்கும். அது ஒரு காரணம்.

மற்றது, கசெற் ஓடவில்லை என்று எழுதினால் நீங்கள் அனுப்பமாட்டீர்கள். அனுப்பாவிட்டால் கடிதமும் வராது என்று பயந்தேன். எனக்கு வேண்டியது கடிதம். பிறகு பிறகு, நீங்கள் எழுதுகிற லெண்ட்னரே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பாதிரியாரின் கையும், இராசாவின் முடியும், ஏணியும், எல்லாம் உங்கள் எழுத்தில்தான் பார்த்தேன். நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. என் கடிதங்களை எடுத்துப் பாருங்கோ, "நீங்கள் எழுதின இடத்தில் அழுதேன்" என்றுதான் இருக்கும். எனக்கு மட்டும் அவர் கொமிசாரின் கறுத்தத் தலையோடேயே இருந்தார். அதில்தான் பிடிபட்டேன்.

உங்கள் விசாரணை முடிந்ததா? இனி என்னுடைய முறை. நீங்கள் எழும்பாதேங்கோ, அப்படியே இருங்கோ.

உங்கள் கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை அந்த ரயில்பாதைக் கசெற்றை விமலநாதனிடம் கொண்டுபோனேன். வெட்கத்தை விட்டேன். மாற்றித் தந்தார். நீங்கள் சொன்னபடி தனிய இருந்து பார்த்தேன்.

நல்ல படம். நீங்கள் எழுதினது எல்லாம் இருக்கிறது. கொழுவி இருக்கிறது, பனி இருக்கிறது. இடது கை, வலது கை. அந்த மயிரை எடுத்துத் திரும்ப வைத்தாரே, அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் பெரிய நடிகர் என்று நீங்கள் எழுதினது குறைவு.

ஆனால் அவர் அழவில்லை.

நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோள் குலுங்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. கண் காய்ந்தே கிடக்கிறது. மயிரை வைத்தபிறகு, கோட்டின்மேல் பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி ஒருதரம் மெதுவாகத் தட்டிவிட்டு, யன்னலுக்கு வெளியே போகிற ரயிலைப் பார்க்கிறார். அவ்வளவுதான், அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அவர் அழாமல் இருந்து பார்க்கிற எங்களை அழவைக்கிறார். அதுதான் அவருடைய வித்தை. அது உங்களுக்கே விளங்கவில்லை. நீங்கள் அவர் அழுததைப் பார்த்ததாகவே நினைத்து எழுதிவிட்டீர்கள், தோளும் மூக்கும் எல்லாம் வைத்து.

அப்ப, தோள் குலுங்க, சத்தம் வெளியே வராமல், மூக்கு ஒழுக, துடைக்காமல் அழுதது ஆர், அம்புறோஸ்?

உண்மையைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் நேரம் மிச்சம். பதினாலு வருசம் போய்விட்டது. இனி மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும்.

மாக்கிரட்


வுப்பெற்றால்
24 பெப்ரவரி 2008

என் மாக்கிரட்டுக்கு,

அழுதது நான்.

உம்முடைய கடிதம் வந்த அன்றைக்கே இதை எழுத இருந்தேன். சும்மா எழுதி என்ன பிரயோசனம், ஏதாவது செய்துவிட்டு எழுதுவோம் என்று பொறுத்தேன். இங்கே நகரசபை மண்டபத்தில் பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். முழுக்க இளம் பெடியன்களும் பெட்டைகளும், நான் ஒருவன்தான் நரைத்தவன். ஓம், எனக்கும் நரைத்துவிட்டது, திடுக்கிடாதேயும். போன கிழமை ரீச்சர் என்னை எழுப்பி, குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னா. எனக்கு ஒரு மனைவி இருக்கிறா, மொன்றியலில் இருக்கிறா என்று சொல்ல வெளிக்கிட்டேன். என்ன சொன்னேனோ தெரியாது, வகுப்பு முழுக்கச் சிரித்தது. லெண்ட்னரை நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகு திரும்பவும் பிழையாகச் சொன்னேன்.

பேப்பர் அலுவல்களை நீர் அங்கே தொடங்கும். அது முடிய நாள் எடுக்கும் என்கிறார்கள். அதுவரை பொறுக்க ஏலாது. ஓகஸ்டில் லீவில் வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது, இந்தமுறை உண்மையாகவே வருவேன் என்று றொசானாவிடம் சொல்லும். கடைக்குப் போகும்போது அவள் என் பக்கத்தில் நிற்கட்டும். உப்பு நான்தான் கேட்பேன்.

வருகிற படவிழாவில் லெண்ட்னர் வந்தால் மூன்று பேருமாகப் போகலாம்.

உம்முடைய பச்சைக் கோட்டு கொழுவியிலேயேதான் இருந்தது. பெட்டியில் முதலில் அதைத்தான் வைக்கவேண்டும் என்று நேற்று மேசையில் விரித்தேன். இடது கையை உள்ளே மடித்தேன், பிறகு வலது கை, அவர் செய்த மாதிரியே. வரவில்லை. கொலர் ஒருபக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது, பெட்டி பூட்டவில்லை. எடுத்து உதறித் திரும்ப மடித்தேன். பின்னேரம் முழுக்க மடித்தேன். நடிகன் நடிகன்தான், மாக்கிரட். கடைசியில் மடிக்காமல் கையிலேயே கொண்டுவருவது என்று முடிவுசெய்திருக்கிறேன். ஓகஸ்ட் வெயிலில் குளிர்காலக் கோட்டோடு ஒருவன் எயார்போட்டிலிருந்து வெளியே வந்தால் அது நான்தான்.

உம்முடைய
அம்புறோஸ்